புகைக்குப் போக்கிடம்

உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதியிலும், அதைச் சூழ்ந்த பெருநகர், வந்தவாசிப் பக்கத்து ஊர்களிலும் இப்பொழுது எழும்புகிற புது வீடுகளில், தலைவாசல் நிலைக்கும் பூஜை அறைக் கதவுக்கும் அடுத்தபடியாக, வீட்டார் நெடுநேரம் யோசித்து, நாலு பேரிடம் அபிப்பிராயம் கேட்டு வாங்குகிற பொருள் எதுவென்று என்னைக் கேட்டால், அடுப்பின் மேலே மாட்டுகிற சிம்னி என்றே சொல்வேன். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் செய்யாறு சிப்காட்டிலும் உத்தியோகம் பார்க்கிற பிள்ளைகள், அஸ்திவாரம் தோண்டும்போதே கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "மேஸ்திரி, சமையலறை முடியும்போது இதே மாதிரி ஒன்று வரவேண்டும்" என்று சொல்லிவிடுகிறார்கள். வளைந்த கறுப்புக் கண்ணாடி, அதன் நடுவே பளபளக்கும் எஃகுத் தூண், கீழே இரண்டு சிறு விளக்குகள் என்று படம் கண்ணைக் கவரத்தான் செய்கிறது. அந்த ஆசையை நான் ஒருபோதும் குறைவாக எண்ணியதில்லை. ஒரு குடும்பத்தின் ஸ்திரீகள் தங்கள் ஆயுளில் பெரும் பகுதியைக் கழிக்கிற அறை, பார்க்க லட்சணமாக இருக்கவேண்டும் என்று விரும்புவதைக் காட்டிலும் நியாயமான விருப்பம் வேறு இல்லை. ஆனால் அந்தப் படத்தில் தெரியாத பாகம் ஒன்று உண்டு. எஃகுத் தூணுக்குள் மறைந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகிற குழாயே அது. கொத்தனாராகக் கரண்டி பிடித்து, மேஸ்திரியாகி, அடுப்புகளும் புகைபோக்கிகளும் அமைத்துவரும் இந்தத் தொழிலில் நான் கற்றதையெல்லாம் ஒரே வாக்கியத்தில் சொல்வதானால், சிம்னியை வெளிச்சுவரிலிருந்து உள்நோக்கித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான்.

இதை விளங்கச் சொல்ல, எங்கள் பக்கத்துப் பழைய சமையற்கட்டுகளிலிருந்து தொடங்குவது உசிதம். என் தகப்பனார் வேலை செய்த காலத்து வீடுகள் பனையோலைக் கூரையாகவோ, நாட்டு ஓட்டுக் கூரையாகவோ, கொஞ்சம் வசதி படைத்தவர்களுக்குச் சீமை ஓட்டுக் கூரையாகவோ இருந்தன. சமையற்கட்டு தென்கிழக்கில், அக்னி மூலையில் அமையும். ஜன்னல் சிறியது, சில வீடுகளில் அதுவும் கிடையாது. எனினும் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே இருந்த சந்துகளின் வழியே புகை கசிந்து வெளியேறும். விடியற்காலையில் ஊர்க்கோடியில் நின்று பார்த்தால் ஒவ்வொரு கூரையும் முழுமையாகப் புகைந்துகொண்டிருக்கும். பெரிய வீடுகளில் கூரையின் முகட்டில் ஒரு முழ அகலத்துக்குத் திறப்பு விட்டு, அதன் மேல் நான்கு சிறு கால்கள் நாட்டி, குட்டிக் கூரை ஒன்று வேய்ந்திருப்பார்கள். அதற்குப் புகைக்கூண்டு என்று பெயர். கைமரங்களும் வாரைகளும் கரி படிந்து மினுமினுக்கும். அந்தக் கரியின் காரணமாகவே அவற்றைப் பூச்சி அரிப்பதில்லை என்று முதியவர்கள் சொல்வார்கள், அது உண்மையும்கூட. மரத்துக்கு அனுகூலமாக இருந்த அதே புகை, கீழே குந்தி ஊதாங்குழலை ஊதிக்கொண்டிருந்த பெண்ணின் கண்ணுக்கும் மார்புக்கும் என்ன செய்தது என்பதை அக்காலத்தில் யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

பிறகு கான்கிரீட் தளம் வந்தது. தொகுப்பு வீடுகளும், சொந்தமாகக் கட்டிய சிறு மாடியில்லா வீடுகளும் பெருகின. மழைக்கு ஒழுகாது, தீக்கு அஞ்சவேண்டாம் என்று எல்லோரும் மகிழ்ந்த அந்தத் தளத்தில் ஒரு சந்துகூட இல்லை என்பதும், விறகடுப்போ அப்படியே இருந்தது என்பதும் சேர்ந்து, ஓட்டு வீட்டில் கசிந்து போய்க்கொண்டிருந்த புகையை அறைக்குள்ளேயே அடைத்து வைத்தன. வேலிகாத்தான் விறகும் சவுக்கு மிளாறும் வறட்டியும் எரிந்த கான்கிரீட் சமையலறைகளின் தளம், பால் காய்ச்சிய வருஷமே கறுத்துப் போனதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். கட்டடக் கலையில் ஒரு பாகம் முன்னேறி, அதற்கு இணையாக மற்றொரு பாகம் முன்னேறாவிட்டால் உண்டாகிற கஷ்டத்துக்கு இதைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது.

புகையில்லா அடுப்பு என்ற ஏற்பாடு அந்தக் கஷ்டத்துக்கு மருந்தாகத்தான் எங்கள் ஊருக்கு வந்தது. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா நடத்திய அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம், வார்தாவில் மகன்வாடியில் இருந்துகொண்டு, மண்ணாலேயே செய்யக்கூடிய, குழாய் வைத்த மகன் அடுப்பைப் பரப்பியது. ஹைதராபாத்தில் பொறியியல் ஆராய்ச்சிக் கூடத்தில் பணியாற்றிய டாக்டர் எஸ். பி. ராஜு, கோடிக்கணக்கான ஏழைகளுக்கு ஏற்ற புகையில்லாச் சமையலறைகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, 1953-இல் சென்னையிலிருந்து வெளியிட்டார். அதன் பின் 1983-இல் மத்திய அரசு மேம்பட்ட அடுப்புகளுக்கென ஒரு தேசியத் திட்டம் தொடங்கி, 2002 வரையில் நடத்தியது. நாடெங்கும் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அதில் அமைக்கப்பட்டன. உள்ளூர்க் கொத்தனார்களுக்கும் பெண்களுக்கும் பயிற்சி கொடுத்து, அடுப்புக்கு இவ்வளவு என்று கூலி தந்து செய்வித்த அந்த வேலையில்தான் நானும் புகையின் குணத்தை அறிந்துகொண்டேன்.

இரண்டு பாத்திரம் வைக்கும் அந்த அடுப்பில், முன்வாயில் விறகு எரிய, அதன் சுவாலை இரண்டாவது பாத்திரத்தின் அடியைத் தடவிக்கொண்டு போய்ப் பின்புறக் குழாயில் ஏறும். அன்று ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் குழாய் கொடுத்தார்கள். அதை அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்குப் பெருங்கேடு என்பது பின்னர் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதால், இன்று நான் அதைத் தொடுவதில்லை. சூடான புகை கனம் குறைந்தது, ஆகையால் மேலே ஏறும். குழாய் எவ்வளவு உயரமோ அவ்வளவு வலிவாக இழுக்கும். குழாயின் தலை கூரை முகட்டுக்கு மேலே நிற்காவிட்டால் ஆடி மாதத்து மேல்காற்று புகையைத் திரும்ப அடுப்பங்கரைக்கே தள்ளிவிடும். ஒவ்வொரு வளைவிலும் புகை தயங்கும். தயங்குகிற இடத்தில் கரி படியும். படிந்த கரியை மாதம் ஒருமுறை தட்டி எடுக்காவிட்டால், சில மாதங்களில் குழாய் இருந்தும் இல்லாததாகிவிடும். இந்த விதிகளில் ஒன்றையேனும் இன்று கண்ணாடி முகத்தோடு வருகிற விலையுயர்ந்த யந்திரம் மாற்றிவிடவில்லை. உயரம் செய்த வேலையை மோட்டார் செய்கிறது. மற்றவையெல்லாம் அப்படியே இருக்கின்றன.

அந்த அடுப்புகளில் பல நீடிக்கவில்லை. அதற்குக் காரணம் அடுப்பின் தத்துவம் என்று நான் ஒப்பமாட்டேன். குழாயைச் சுத்தம் செய்வது யார் பொறுப்பு என்று யாரும் சொல்லிவைக்கவில்லை. தலையில் இருந்த மூடி காற்றில் விழுந்தால் மாற்றுவாரும் இல்லை.

புகையின் கேட்டை வைத்தியர்கள் எப்போது அறிந்தார்கள் என்பதையும் ஈண்டுச் சொல்லவேண்டும். பர்மாவில் பிறந்த தமிழ்க் குடும்பத்துப் பெண்மணியும், இந்தியாவின் முதல் பெண் இருதய நிபுணர் என்று போற்றப்படுபவருமான டாக்டர் எஸ். பத்மாவதி, டில்லியில் நுரையீரல் நோயினால் இருதயத்தின் வலப்பாகம் பழுதுபட்ட 127 நோயாளிகளை ஆராய்ந்து 1959-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புகைபிடிக்கும் வழக்கமே இல்லாத பெண்களுக்கு இந்த நோய் ஏன் வருகிறது என்ற வினாவுக்கு, அவர் அடுப்புப் புகையின் மேல் கவனத்தைத் திருப்பினார். அவருக்கு வெகுகாலத்துக்குப் பின், சென்னை போரூரில் உள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணனும் அவருடைய சகாக்களும் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளில் கருவிகளை வைத்து நுண்துகளை அளந்தார்கள். தடுப்பு இல்லாத உட்சமையல், தடுப்புச் சுவர் உள்ள சமையற்கட்டு, வீட்டுக்கு வெளியே தனிக்கட்டு, திறந்தவெளி அடுப்பு என்று சமையலிடத்தின் அமைப்பையே அவர்கள் வகை பிரித்துப் பார்த்தார்கள் என்று ஒரு மருத்துவர் எனக்கு விளக்கியபோது, கொத்தனாரின் கைவேலையும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான் என்று உணர்ந்து என் தொழிலின் மேல் எனக்கிருந்த மரியாதை இரட்டித்தது. வீட்டுப் புகையினால் உலகில் 2020-ஆம் ஆண்டில் மட்டும் ஏறக்குறைய 32 லட்சம் பேர் மரணமடைந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

2006-இல் அமைந்த மாநில அரசு கொடுத்த இலவச எரிவாயு அடுப்பும், 2016 மே மாதம் முதல் தேதி தொடங்கிய உஜ்வலா திட்டமும் எங்கள் பக்கத்தில் சமையலின் முகத்தை மாற்றிவிட்டன. எரிவாயு வந்துவிட்டதே, இனிப் புகைபோக்கி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விறகின் புகை போய்விட்டது உண்மை. ஆனால் நம் சமையலுக்கே சொந்தமான புகை ஒன்று இருக்கிறது. காய்ந்த எண்ணெயில் கடுகு வெடித்து, மிளகாயும் பெருங்காயமும் கருகும்போது எழுகிற நெடியையும், வடை, அப்பளம், மீன் வறுவல் ஆகியவற்றின்போது ஆவியோடு கலந்து பறக்கிற எண்ணெய்த் திவலைகளையும் எரிவாயு அடுப்பு தடுப்பதில்லை. அதிக சூட்டில் எண்ணெயில் பொரிக்கும்போது வரும் ஆவியை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் என்று கருதத்தக்கவற்றின் வரிசையில் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வைத்திருக்கிறது. அந்த ஆவி பரணில் அடுக்கிய பாத்திரங்களின் மேல் பிசுபிசுப்பாகப் படிவது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. சமைப்பவரின் மூச்சில் படிவதுதான் தெரிவதில்லை.

ஆகவே சிம்னி ஆடம்பரப் பொருளன்று. அது எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரசியமானதே. காகிதம் செய்வதற்குப் பல நூற்றாண்டுகளாகப் பேர்பெற்ற ஃபாப்ரியானோ என்னும் இத்தாலிய ஊரில், 1970-இல் எலிகா என்ற நிறுவனம் தோன்றியது. அந்த வட்டாரமே சமையலறைச் சிம்னிக்குப் பெயர்போனது. அங்கே அவர்கள் வகுத்த வடிவங்கள்தான் இன்று காஞ்சிபுரத்துக் கடைகளிலும் தொங்குகின்றன. அவர்களுடைய சமையலில் தாளிப்பு இல்லை என்பதை மட்டும் நாம் மறக்கக்கூடாது.

பெருநகர்ப் பக்கம் ஒரு வீட்டில் நடந்த பேச்சு, இந்த விஷயம் முழுவதையும் எனக்குச் சுருக்கித் தந்தது. மகன் படித்தவர், நல்ல சம்பளக்காரர். குழாயே தேவையில்லாத சிம்னி ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார். சமையல் மேடைக்கு நான் அளவெடுத்துக்கொண்டிருந்தபோது, அவருடைய தாயார் வந்து நின்று கேட்டார்:

"செவுத்துல மாட்டுறது இருக்கட்டும் மேஸ்திரி, இது இழுக்குற பொகை எங்கப்பா போவும்?"

மகன் முந்திக்கொண்டு, "உள்ளயே வடிகட்டிட்டுக் காத்தைத் திருப்பி வுட்டுடும்மா. செவுத்துல ஓட்டையே போட வேணாம்" என்றார்.

"திருப்பி வுட்டா, அது எனக்குத்தானடா வரும்?"

அந்த அம்மாளுக்கு எழுத்தறிவு இல்லை. ஆனால் இந்த வியாபாரத்தில் கேட்கவேண்டிய முதற்கேள்வியை அவர்தான் கேட்டார். குழாயில்லாச் சிம்னி எண்ணெயைச் சல்லடையில் பிடிக்கிறது, கரித்தூள் வடிகட்டியில் வாசனையில் ஒரு பங்கைப் பிடிக்கிறது. சூட்டையும் நீராவியையும் எரிவாயு எரிவதால் உண்டாகும் நச்சு வாயுக்களையும் அது அப்படியே அறைக்குள் விட்டுவிடுகிறது. கரி வடிகட்டியைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவும் வேண்டும். வெளிச்சுவரே இல்லாத நகரத்து அடுக்குமாடிச் சமையலறைக்கு வேறு கதியில்லை என்றால் அதை வாங்கலாம். நாலு பக்கமும் வானம் பார்த்து நிற்கிற மானாம்பதி வீட்டுக்கு அதை வாங்குவதற்கு ஒரு நியாயமும் இல்லை.

குழாய் எந்தச் சுவரைத் துளைப்பது என்பது அடுத்த விசாரணை. எங்கள் வழக்கப்படி அக்னி மூலையில் சமையலறை இருப்பதால், கிழக்குச் சுவரும் தெற்குச் சுவரும் வெளிச்சுவர்களாக இருக்கும். கிழக்கில் துளைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு வருகிற மழை நேரே குழாய்க்குள் அடிக்கும். தெற்கு அதைவிட மேல். ஆகவே இடம் கொடுக்கும் வீடுகளில் நான் தெற்கையே தேர்ந்தெடுக்கிறேன். எந்தச் சுவரானாலும், குழாய் வெளிப்பக்கம் சற்றுச் சரிந்திருக்கவேண்டும். அப்போதுதான் மழைத்துளியும் குழாயில் திரண்ட எண்ணெயும் அடுப்பின் மேல் சொட்டாது. வாயில் தானே திறந்து மூடுகிற தகட்டு மூடியும், அணில் புகாமல் கம்பி வலையும் வேண்டும். வலையின் கண்கள் மிகவும் சிறியவையாக இருந்தால் எண்ணெய்ப் பசை அவற்றை அடைத்துவிடும். பக்கத்து வீட்டாரின் ஜன்னலுக்கு நேரே குழாயின் வாயை வைப்பது, நம் வீட்டுக் கஷ்டத்தை அவர்கள் வீட்டுக்கு அனுப்புவதாகும். அப்படி வைக்கச் சொன்ன இடங்களில் நான் வேலை செய்ய மறுத்திருக்கிறேன்.

குழாயின் விட்டத்தைப் பற்றி நான் சற்று விஸ்தாரமாகவே சொல்லவேண்டும், ஏனெனில் பெரும்பாலான வீடுகளில் பணம் வீணாவது இங்கேதான். நல்ல சிம்னிகள் ஆறங்குலக் குழாய்க்கென்று செய்யப்பட்டவை. ஏற்கெனவே சுவரில் நாலங்குலத் துளை இருக்கிறதே, அதிலேயே குறுக்கிவிடலாம் என்று பொருத்த வருகிறவர் சொல்வார். வீட்டாரும் டைல்ஸ் உடையாமல் போனால் சரி என்று சம்மதிப்பார்கள். ஆறு நாலாகும்போது குறைவது மூன்றில் ஒரு பங்கு என்று தோன்றும். வட்டத்தின் பரப்பைக் கணக்கிட்டால், நாலங்குலத் துளை ஆறங்குலத் துளையில் பாதிகூட இல்லை என்பது விளங்கும். ஏரி எவ்வளவு நிறைந்திருந்தாலும் மதகின் அளவுக்குத்தான் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்பது எங்கள் பக்கத்து விவசாயிகள் எல்லோருக்கும் தெரிந்தது. சிம்னிக்கும் அதுவேதான் நியதி. மோட்டார் முக்கி முனகிச் சத்தம் போடும், புகை போகாது. அட்டைப் பெட்டியின் மேல் மணிக்கு 1,200 கன மீட்டர், 1,400 கன மீட்டர் என்று அச்சிட்டிருக்கிற எண்கள் பெரும்பாலும் குழாய் மாட்டாமல் திறந்த வாயில் அளந்தவை. பத்தடிக்கு எட்டடி, உயரம் பத்தடி உள்ள சமையலறையில் இருப்பது ஏறக்குறைய 23 கன மீட்டர் காற்று. அதை மணிக்கு இருபது முறை மாற்றினாலும் 460 கன மீட்டர்தான். பெரிய எண்ணுக்கு ஆசைப்பட்டுக் குழாயைக் குறுக்குவதைவிட, நடுத்தர எண்ணோடு நேரான ஆறங்குலக் குழாய் பன்மடங்கு மேல்.

வளைவு ஒன்றோடு முடிந்தால் உத்தமம், இரண்டு மத்திமம். அதற்கு மேல் வேண்டியிருந்தால் அடுப்பின் இடத்தையே மாற்ற முடியுமா என்று பார்ப்பேன். சுருக்கங்களுள்ள அலுமினியக் குழாயைத் தளர்வாக விட்டால் ஒவ்வொரு சுருக்கத்திலும் எண்ணெய் தங்கும். அதை இழுத்து நேராக்கிப் பொருத்தவேண்டும். பி.வி.சி. குழாய் மலிவு, எனினும் எண்ணெய்ப் பசையில் தீப்பற்றினால் அது உருகி வழியும் என்பதால், நாகம் பூசிய தகரக் குழாயையே நான் சிபாரிசு செய்கிறேன்.

வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே காற்று வரவேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கொசுவுக்கு அஞ்சி ஜன்னலையும் கதவையும் மூடிவிட்டுச் சிம்னியைப் போட்டால் அது எதை இழுக்கும்? எதிர்ப்பக்கத்து ஜன்னல் ஒன்று நாலு விரற்கிடை திறந்திருக்கவேண்டும், வலை அடித்துக்கொள்ளலாம். சமைக்கும்போது மேலே மின்விசிறி சுழன்றால், நேராக எழும்பவேண்டிய ஆவி அறை முழுவதும் சிதறிப்போகும்.

இவ்வளவும் தீர்ந்த பின்தான் முகத்துக்கு வருகிறேன். வீட்டில் சமைப்பவரை அடுப்பின் முன் நிற்கச் சொல்லி அளவெடுப்பது என் வழக்கம். சிம்னியின் அடிவிளிம்பு அடுப்புக்கு மேலே 65 முதல் 75 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கவேண்டும். குள்ளமானவருக்குக் கீழ் அளவு, நெட்டையானவருக்கு மேல் அளவு. அதன் அகலம் அடுப்பின் அகலத்துக்குக் குறையக்கூடாது; மூன்று பர்னர் அடுப்புக்கு 60 சென்டிமீட்டர்ச் சிம்னி போதாது, 90 வேண்டும். படங்களில் மிகவும் கவர்ச்சியாகத் தெரிகிற சாய்ந்த கண்ணாடிச் சிம்னி, முன்வரிசை பர்னருக்கு மேலே நீண்டு நிற்பதில்லை. நம் வீடுகளில் தாளிப்பதும் பொரிப்பதும் அந்த முன்வரிசையில்தான். ஆகையால் கொஞ்சமாகப் பொரிக்கிற சிறு குடும்பத்துக்குத்தான் அதைச் சொல்வேன். வளைந்த கண்ணாடிச் சிம்னியில் கண்ணாடியின் அகலத்தைப் பார்த்து மயங்கக்கூடாது. புகையைத் தாங்குவது கண்ணாடியல்ல, அடியில் உள்ள குழிவு. குழிவு ஆழமாக இருந்தால், மோட்டார் இழுக்கும் வரையில் புகை அதற்குள் தங்கி நிற்கும். தட்டையாக இருந்தால் விளிம்பில் வழிந்துவிடும்.

வடிகட்டியில், நுண்ணிய கம்பிவலை நம் தாளிப்புக்குச் சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். வளைத்த எஃகுத் தகடுகள் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கிற பேஃபிள் வடிகட்டியே நமக்கு ஏற்றது. புகை அதனூடே திரும்பித் திரும்பிப் போகும்போது எண்ணெய் தகட்டில் ஒட்டி வடிந்துவிடும். வெந்நீரும் சோப்புத் தூளும் சேர்த்து ஊறவைத்தால் சுத்தமாகும். அலுமினிய வலையானால் சோடா சேர்க்கவேண்டாம், கறுத்துவிடும். தானே சுத்தம் செய்துகொள்ளும் யந்திரங்கள் இப்போது நிறைய வந்திருக்கின்றன; உட்புற எண்ணெயை அவை உருக்கிக் கிண்ணத்தில் சேர்ப்பது உண்மை, எனினும் அந்தக் கிண்ணத்தைக் காலி செய்வதும் குழாயைப் பார்ப்பதும் மனிதர் வேலையாகவே இருக்கின்றன. சத்தத்தைக் கடையிலேயே ஓடவிட்டுக் கேட்கவேண்டும். இருவர் சாதாரணமாகப் பேசும் சத்தம் ஏறக்குறைய 60 டெசிபல், அதற்கு மேல் இரைகிற சிம்னியை எந்தப் பெண்ணும் ஒரு வாரத்துக்குப் பின் போடமாட்டாள்.

அழகைப் பற்றி என் தீர்மானமான அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு அதிகம். கறுப்புக் கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் வெள்ளைத் திட்டு நிற்கும். கண்ணாடிபோல் மின்னும் எஃகில் ஒவ்வொரு விரல்ரேகையும் தெரியும். மெல்லிய கோடுகள் இழைத்த மங்கல் எஃகு, நேரான விளிம்பு, ஆழ்ந்த குழிவு, ஈரக்கையிலும் அழுந்துகிற பொத்தான் ஆகிய நான்கும் கூடிய சாதாரணப் பெட்டி வடிவமே பத்து வருஷம் கழித்தும் லட்சணமாக இருப்பது. விசேஷ அலங்காரம் வேண்டுமென்பவர்களுக்கு நான் வேறொன்று செய்து தருகிறேன்: யந்திரத்தின் மேல் எழும் குழாயைச் சிமென்ட் பலகையால் மூடி, சுவரோடு சுவராகக் கீழிருந்து மேலே குறுகிச் செல்லும் கோபுரவாட்டத்தில் பூசி, வழுவழுப்பாகத் தேய்த்து முடிப்பேன். பக்கவாட்டில் மோட்டாரை எடுக்க ஒரு சிறு கதவும் விடுவேன். பழைய புகைக்கூண்டின் தோற்றம் புதுச் சமையலறையில் வந்து உட்காரும்போது, வீட்டுப் பெரியவர்கள் அதை ஏறிட்டுப் பார்த்துத் திருப்தியடைவதைக் கண்டிருக்கிறேன்.

பின்புறத்துக் கொட்டாயில் விறகடுப்பு இன்னும் எரிகிறது என்பதை நகரத்துக் கடைக்காரர்கள் அறியமாட்டார்கள். குளிக்க வெந்நீர், கறிக்குழம்பு, பண்டிகைப் பலகாரம் எல்லாம் அதில்தான். விறகடுப்பின் மேல் மின்சாரச் சிம்னியை ஒருபோதும் மாட்டக்கூடாது. எண்ணெய்ப் பசையுள்ள வடிகட்டியில் தீப்பொறி ஏறினால் விபரீதம். அங்கே வேண்டியது தகரக் கூண்டு. அடுப்பின் நான்கு பக்கமும் ஒரு சாண் வெளியே நீளும்படி விளிம்பு அமைத்து, செங்குத்தான சாய்வில் குறுக்கி, எட்டங்குலக் குழாயில் முடித்து, கொட்டாயின் முகட்டுக்கு மூன்றடி மேலே நேராகத் தூக்கி மூடி வைக்கவேண்டும். உட்கார்ந்து சமைப்பவருக்குக் கூண்டின் விளிம்பு தரையிலிருந்து நாலடியில் இருக்கலாம். தாழ இருக்கும் அளவுக்குப் புகை தப்பாது. விளிம்பை மடித்துத் தட்டிவிடவேண்டும், நெற்றியில் பட்டால் கிழிக்கும். கூரை ஓலையானால் குழாயைச் சுற்றி ஒன்றரைச் சாண் ஓலையை வெட்டிவிட்டுத் தகட்டால் மூடவேண்டும். மின்சாரம் வேண்டாம், சத்தம் இல்லை. ஊர்த் தகரப்பட்டறையில் ஒரே நாளில் தயாராகிவிடும்.

இதைப் படிக்கிறவர்களில் வீடு கட்டத் தொடங்குகிறவர்களும், அரசாங்க வீடுகளை மேற்பார்வை பார்க்கிற பொறியாளர்களும் இருந்தால், அவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பிரதமர் ஊரக வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்சப் பரப்பான 25 சதுர மீட்டரில், சுகாதாரமாகச் சமைப்பதற்கென ஓர் இடமும் அடங்கவேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டின் கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடியில் எழும்புகிறது. அந்த வீட்டுக்காரர் இன்று சிம்னி வாங்கமாட்டார். பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கியதும் வாங்குவார். சமையலறைச் சுவர் லிண்டல் மட்டத்துக்கு வரும்போது, வெளிப்பக்கம் சற்றுச் சரித்து ஆறங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைப் பதித்து, இப்போதைக்கு வலை கட்டி விட்டுவிடுங்கள். சிம்னி வரும் வரையில் அதுவே புகைக்கு வழியாக இருக்கும். அந்தத் துண்டுக்கு ஆகும் செலவு, டைல்ஸ் ஒட்டி முடிந்த பின் அதே சுவரைத் துளைக்க வரும் யந்திரத்துக்குக் கொடுக்கிற வாடகையைவிடக் குறைவு.